சரிக்கு முன்னால் நாலு வினாடி

ஜூன் 3, திங்கள்

நயினார் சார் இன்று எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினார். எல்லோரும் என்றால் நானும் சபுராவும்தான். முருகன்குறிச்சியில் போட்டோ ஸ்டூடியோவுக்கு மேல்மாடி எங்கள் அலுவலகம். ஒலிப்பதிவைக் கேட்டு அப்படியே எழுத்தாக்கிக் கொடுப்பது வேலை. நான் கேட்டு அடிப்பேன். சபுரா அதே பதிவை என் பக்கங்களோடு ஒப்பிட்டுத் திருத்துவாள். அவளுக்கு அலுவலகத்தில் ‘இரண்டாம் காது’ என்று பெயர். பதினொரு வருடமாக முதல் காது நான்.

வந்திருப்பது பெரிய வேலை. போன மாதம் நூல் மில் விடுதி ஒன்றில் தீப்பிடித்து மூன்று பெண்கள் புகையில் மூச்சுமுட்டி இறந்தார்கள் அல்லவா, அந்த விசாரணை. பின்பக்க கேட் பூட்டிக் கிடந்திருக்கிறது. யார் பூட்டியது என்பதுதான் கேள்வி. சாட்சிகள் நாற்பத்தொரு பேர், நாற்பத்தொரு பதிவு. ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் ‘கேட்டது கேட்டபடி எழுதினேன்’ என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

துல்லியம் தொண்ணூற்றெட்டுக்குக் கீழே போகக்கூடாதாம். தவறாகக் கேட்ட சொற்களைத் தினமும் ஒரு நோட்டில் எழுதிவைத்தால் காது தேறும் என்றார் சார். எனக்கு அந்த வைத்தியம் தேவையில்லை. சபையில் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது, அதனால் எழுதுகிறேன்.

இன்று தவறாகக் கேட்டவை: இல்லை.

ஜூன் 4, செவ்வாய்

தொண்ணூற்று நான்கு.

சபுரா திருத்தின தாளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். “பெர்சிஸ் அக்கா, ‘ஆவி ஆபீஸ்ல தொங்கிச்சு’ன்னு அடிச்சிருக்கிய. சாவிக்கா.”

சாவி என்று அந்தப் பெண் சொல்லவே இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் ‘ச’ வருவதில்லை. வாயைத் திறக்காமலே பேசுகிறார்கள். ஹெட்போனும் பழசு.

தவறாகக் கேட்டவை: சாவி – ஆவி. பஞ்சு – மஞ்சு. ஷிப்டு – இட்டு. படி – பிடி. மொத்தம் பதினேழு. எல்லாவற்றையும் எழுதக் கை வலிக்கிறது.

ஜூன் 6, வியாழன்

புது ஹெட்போன் வந்தது. அதுவும் சரியில்லை.

சபுரா பெருநாள் பிரியாணி கொண்டுவந்தாள். நன்றாக இருந்தது. வீட்டில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. குக்கர் விசில் அடிக்கவில்லை, கேஸ்கட் போயிருக்கும். “ஏட்டி, ஆறு விசில் அடிச்சாச்சு, கூடத்துல இருந்த எனக்குக் கேக்கு” என்றார் இவர். ஞானதிரவியம் என்று பெயர் வைத்தவர்கள் இவர் வாயைப் பார்த்திருக்கவில்லை. கேட்டால் எழுந்து அணைக்க வேண்டியதுதானே.

ஜூன் 8, சனி

பயிற்சி தொடங்கிவிட்டேன். விளையாட்டில்லை. ஒரு பதிவை மூன்று முறை கேட்பது. முதல் முறை கையைக் கட்டிக்கொண்டு, பேசுகிறவர் யார், எந்த ஊர்ப் பேச்சு, மூச்சு எங்கே வாங்குகிறார் என்று பிடிப்பது. இரண்டாம் முறை அடிப்பது. மூன்றாம் முறை அடித்ததைப் படித்துக்கொண்டே கேட்பது. சொல் பிடிபடாமல் தட்டுகிற இடத்தில் வேகத்தைக் குறைத்து, முன்னும் பின்னும் ஒரு வாக்கியம் சேர்த்துக் கேட்பது. ஒரு சொல்லை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டால் அது எந்தச் சொல்லாகவும் மாறிவிடும். புதிதாக வருகிற பெண்களுக்கு நானே எத்தனை முறை சொல்லிக்கொடுத்த பாடம்.

காலையில் ரேடியோச் செய்தியைக் கேட்டு எழுதுகிறேன். சாயங்காலம் இவர் என் பின்னால் நின்று பைபிள் வாசிக்க வேண்டும், நான் எழுத வேண்டும். வலது பக்கம் நின்றால் இவர் நன்றாகத்தான் வாசிக்கிறார். இடது பக்கம் போனதும் முணுமுணுக்கிறார். ஒரே ஆள், ஒரே சங்கீதம். சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

ஜூன் 12, புதன்

தொண்ணூற்றைந்து. ஒரு வாரம் மாடாய் உழைத்ததற்கு ஒரு மதிப்பெண்.

பக்கத்துக்கு எத்தனை ஓட்டை என்று சார் எண்ணினார். கேட்காத இடத்தில் ‘தெளிவில்லை’ என்று நேரத்தோடு குறிப்போம். அதற்கு எங்கள் அலுவலகத்தில் ஓட்டை என்று பெயர். சாட்சி பதிலே சொல்லவில்லை என்றால் ‘மௌனம்’ என்று போட வேண்டும். முன்பெல்லாம் என் பக்கங்களில் ஓட்டையே இருக்காது. இப்போது சல்லடை.

“ரெக்கார்டிங்கே மோசம் சார்,” என்றேன்.

“அதே ரெக்கார்டிங்கத்தான் சபுராவும் கேக்கா,” என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு சொல்லுவாவ,” என்றார்.

பதினொரு வருடம். இவர் கடை திறந்த நாளில் நாற்காலி துடைத்தவள் நான். அடுத்த வாரமும் இப்படியே போனால் மீதிப் பதிவுகளை வேறு ஆளுக்குக் கொடுப்பாராம். குளியலறையில் போய் அழுதுவிட்டு வந்து அடித்தேன். அழுததையும் எழுதிவைக்கிறேன், யார் பார்க்கப் போகிறார்கள்.

இந்த வேலை போய்விட்டால் நான் யார்? சமைக்கிறவள், அவ்வளவுதான். அதிலும் பருப்பு அடிப்பிடிக்கிறது.

ஜூன் 14, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்.

விசாரணை அதிகாரிக்கு ஒரு பழக்கம். அவர் குரல் கனம், மைக்கும் அவர் பக்கம், ஒரு சொல் தப்பாது. சாட்சிகள்தான் பயந்து வாய்க்குள் பேசுகிறார்கள். அவர் கேள்வி கேட்பார். சாட்சி ‘ஆமாம்’ என்றால் “சரி” என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். ‘இல்லை’ என்றால் “இல்லையா?” என்று திருப்பிக் கேட்பார். நீளமாகச் சொன்னால் “ம், ம்” என்பார். பதினாறு பதிவிலும் சோதித்துப் பார்த்தேன், ஒரு முறைகூட மாறவில்லை.

ஆகவே சாட்சியைக் கேட்டு மல்லுக்கட்ட வேண்டாம். அதிகாரியைக் கேட்டால் போதும். அவர் “சரி” என்றால் அதற்கு முன்னால் ஓர் ‘ஆமாம் ஐயா’ இருந்தே தீரும்.

இதைக் குறுக்குவழி என்று யாராவது சொல்லலாம். நான் அனுபவம் என்பேன்.

ஜூன் 15, சனி

தொண்ணூற்றொன்பது.

ஜூன் 20, வியாழன்

இந்த வாரம் முழுக்க தொண்ணூற்றொன்பதுக்குக் குறையவில்லை. ஓட்டை ஒன்றுகூட இல்லை. நயினார் சார் டீ வாங்கிக்கொடுத்தார்.

சபுரா மட்டும் ஓர் இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டாள். “அக்கா, இந்த ‘ஆமாம்’ எனக்கே சரியா விழல. ஒங்களுக்கு எப்படி விழுந்துச்சு?”

“ஒனக்கு ஆறு வருஷம், எனக்குப் பதினொண்ணு,” என்றேன்.

சிரித்துக்கொண்டு டிக் அடித்துவிட்டாள். அவசர வேலை என்பதால் இப்போது அவள் ஒவ்வொரு பதிவிலும் பத்து நிமிடம்தான் ஒப்பிடுகிறாள். மீதி என்மேல் நம்பிக்கை.

ஜூன் 23, ஞாயிறு

கோயில் ஆராதனையில் பாடகர் குழு வரவர மெதுவாகப் பாடுகிறது. ஒரு காலத்தில் கூரை அதிரும். ஹெப்சிபா மார்த்தாண்டத்திலிருந்து போன் செய்தாள். டவர் சரியில்லை, மகள் பேசுவது பாதி வருகிறது, பாதி வரவில்லை. இனி வாட்ஸப்பில் எழுதிவிடு என்று சொல்லிவிட்டேன். “எம்மா, நான் அழுதுட்டிருக்கேன், எழுதவா சொல்லுத?” என்றாளாம். இவர்தான் பிறகு போனை வாங்கிக் கேட்டுச் சொன்னார். மாமியாரோடு ஏதோ மனத்தாங்கல்.

ஜூன் 27, வியாழன்

இருபத்தொன்பதாம் பதிவு. மாடத்தி என்கிற அம்மாள், வயது ஐம்பத்திரண்டு, விடுதியில் காவல் வேலை. நாற்பது நிமிடம். எல்லா சாட்சிகளிலும் மிக மெல்லிய குரல் இந்த அம்மாளுக்குத்தான். அழுகிறாரா, ஜலதோஷமா தெரியவில்லை. அதிகாரியைப் பிடித்துக்கொண்டே பதினெட்டுப் பக்கமும் அடித்து முடித்தேன். ஓட்டை இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

மத்தியானம் புளியோதரை.

ஜூலை 2, செவ்வாய்

நாற்பத்தொன்றும் முடிந்தது. சார் அல்வா வாங்கிவந்தார். “கெழவி ஆனாலும் குதிரை குதிரைதான்,” என்றார். நாற்பத்தாறு வயது கிழவியாம். போகட்டும், வாயெல்லாம் நெய்.

ஜூலை 11, வியாழன்

பேப்பரில் வந்திருக்கிறது. மில் விடுதித் தீவிபத்தில் காவல்காரப் பெண் மாடத்தி கைது. பின்பக்க கேட்டைப் பூட்டியது தான்தான் என்று விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறாராம். கேள்வி பதிலையும் அப்படியே போட்டிருக்கிறார்கள்.

‘கேள்வி: அன்று சாயங்காலம் பின்பக்க கேட்டைப் பூட்டியது நீங்கள்தானே? பதில்: ஆமாம் ஐயா.’

நான் அடித்த வரி. அச்சில் பார்க்க முதலில் பெருமையாகக்கூட இருந்தது. பிறகுதான் அந்த ‘ஆமாம் ஐயா’வை எந்தக் குரலில் கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். குரல் நினைவுக்கு வரவில்லை. பதிவுகளின் குரல் எனக்கு மறக்காது. பத்து வருடத்துக்கு முந்தைய சொற்பொழிவாளரின் இருமல்கூட நினைவிருக்கிறது.

ஜூலை 12, வெள்ளி

சீக்கிரமே போய்க் கதவைத் திறந்து இருபத்தொன்பதாம் பதிவைப் போட்டேன். பதினோராவது நிமிடம்.

அதிகாரி: “அன்னைக்கு சாயங்காலம் பின்பக்க கேட்டைப் பூட்டினது நீங்கதானே?”

பிறகு நாலு வினாடி.

பிறகு அதிகாரி: “சரி. சாவி யார்கிட்ட இருக்கும்?”

அந்த நாலு வினாடியில் எனக்கு ஒன்றும் இல்லை. சத்தத்தைக் கூட்டினேன். முழுதாகக் கூட்டினேன். ஹெட்போனை மாற்றினேன், வலது காதுக்கு மட்டும் வைத்தேன், வேகத்தைப் பாதியாக்கினேன். முப்பது முறை கேட்டிருப்பேன். ஒன்றும் இல்லை.

அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லையா? இல்லை, சொன்னது எனக்குள் வரவில்லையா? இதை நான் எப்படித் தெரிந்துகொள்வது? பதிவு காலியா, நான் காலியா? என்னை வைத்து என்னை எப்படிச் சோதிப்பேன்?

திரையில் ஓடும் ஒலிக்கோட்டைப் பார்த்தேன். மின்விசிறியின் இரைச்சல் தடிப்பாக ஓடுகிறது. நடுவில் சின்னதாக ஒரு மேடு. அது சொல்லா, நாற்காலியா, இருமலா, கோடு சொல்லாது.

மற்ற பதிவுகளையும் எடுத்தேன். “சரி”யை மட்டும் பிடித்து நான் எழுதிய ‘ஆமாம்’ எத்தனை என்று எண்ணிப்பார்த்தேன். அறுபத்து மூன்று. அறுபத்து மூன்று இடத்தில் நான் கேட்டது கேட்டபடி எழுதவில்லை.

சபுரா வந்து, “என்னக்கா, சத்தம் மாடிப்படி வரைக்கும் கேக்கு, இப்படி வச்சிருக்கிய?” என்று சொல்லிக் குறைத்தாள். அவ்வளவு சத்தத்திலா வைத்திருந்தேன்?

ஜூலை 13, சனி

இவரிடம் சொன்னேன். காது என்று சொல்லவில்லை, பதிவில் ஒரு சந்தேகம் என்று சொன்னேன்.

இவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தார். “ஏட்டி, ஒனக்கு எடது காது ரெண்டு வருஷமா கேக்கல. இப்பம் வலதும் கொறையுது. எனக்குத் தெரியும், ஹெப்சிபாவுக்குத் தெரியும். ஒன்கிட்ட யாரு சொல்லுதது?”

“யாரும் சொல்ல வேண்டாம்,” என்று கத்தினேன். “எல்லாருமா சேந்து என்னைச் செவிடியாக்கப் பாக்கியளா?”

தட்டைத் தூக்கிப் போட்டேன். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் முதல் தட்டு. இவர் சோற்றைக் கூட்டி அள்ளினார்.

ஜூலை 15, திங்கள்

சபுராவிடம் கொடுத்தேன். வேறு வழி இல்லை. வெளியாட்களுக்குப் பதிவைக் கேட்கக் கொடுக்கக்கூடாது, அலுவலகத்தில் அவள் ஒருத்திதான்.

அவள் கேட்கும்போது முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். திரும்பவும் கேட்டாள்.

“ஒண்ணுமில்லக்கா. நாக்காலி இழுபடுது. ஒரு மூச்சு. அவ்வளவுதான். அந்த அம்மா வாயே தொறக்கல.”

“நல்லாக் கேளு.”

“நல்லாத்தான் கேட்டேன்.” என்னையே பார்த்தாள். “நீங்க எப்படிக்கா ‘ஆமாம்’னு போட்டிய?”

“சரி”யின் கதையைச் சொன்னேன். எழுதிவைத்த அறுபத்து மூன்று இடங்களையும் கொடுத்தேன். சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் கேட்டாள். அறுபத்திரண்டு இடத்தில் ‘ஆமாம்’ இருக்கிறது. மெல்ல, வாய்க்குள், ஆனால் இருக்கிறது. அந்த ஓர் இடத்தில் மட்டும் இல்லை. அந்த இடத்தில் மட்டும் அதிகாரி பதிலுக்குக் காத்திருந்து சலித்து, பழக்கத்தில் “சரி” என்று தாண்டிப் போயிருக்கிறார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறுபத்து மூன்றில் ஒன்று. துல்லியம் தொண்ணூற்றெட்டுக்கு மேலேதான் வருகிறது. அந்த ஒன்றுக்காக ஒரு பெண் ஜெயிலில் இருக்கிறாள்.

“அல்லாவே, நானும்லா டிக் அடிச்சேன்,” என்றாள் சபுரா. அப்புறம் சாயங்காலம் வரை அவள் பேசவில்லை. பேசியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

ஜூலை 16, செவ்வாய்

நயினார் சார் கெட்டவர் இல்லை. மகள் கல்யாணத்தின்போதும் அப்பா சாவின்போதும் வீட்டுக்கு வந்து நின்றவர். தவறை விசாரணை அலுவலகத்தில் சொல்லப்போகிறேன் என்றதும் அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“வேண்டாம்மா. அனுப்புன காகிதம் அனுப்புனதுதான். காது கேக்காதவள வச்சு விசாரணைப் பதிவு எழுதினான்னு ஒருத்தன் சொன்னா, மறுநா இந்த மாடியில பூட்டுதான் தொங்கும். சபுராவும் தெருவுலதான் நிக்கணும். கோர்ட்டுல அந்த அம்மாளே இல்லன்னு சொல்லிக்கிடும். ஒங்க கையெழுத்துதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்கிடுங்க.”

நியாயமாகத்தான் பட்டது. கோர்ட்டில் சொல்லிக்கொள்வார். வக்கீல் இருப்பார்.

ஜூலை 17, புதன்

போகவில்லை.

ஜூலை 18, வியாழன்

இன்றும் போகவில்லை. மாடத்திக்கு ஜாமீன் மறுப்பு என்று பேப்பரில் இருக்கிறது. காரணம், சொந்த வாக்குமூலம்.

ஜெபிக்க முழங்கால் போட்டேன். ஒன்றும் வரவில்லை. கர்த்தர் ஏதாவது சொன்னால்தான் எனக்கு எந்தக் காதில் விழும்? எழுதிவிட்டு அந்த வரியைக் கோடிட்டு அடிக்கப் பார்த்தேன், அடிக்கவில்லை. இருக்கட்டும்.

ஜூலை 19, வெள்ளி

இவர் லீவு போட்டுவிட்டு என்னைக் காது பரிசோதனைக்குக் கூட்டிப்போனார். போக மாட்டேன் என்று பஸ் ஸ்டாண்டு வரை சண்டை.

கண்ணாடி வைத்த சின்ன அறை. காதில் ஹெட்போன். கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண் சத்தம் போடுகிறாள்.

கொஞ்ச நேரத்தில் பிடிபட்டுவிட்டது. அவள் தலையைக் குனிந்தால் சத்தம் வரும். இரண்டு மூச்சுக்கு ஒரு முறை குனிகிறாள். அழுத்தினேன். குனிந்தாள், அழுத்தினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அவள் எழுந்து கதவைத் திறந்துகொண்டு வந்தாள். என் வலது பக்கம் குனிந்து, “மேடம், கடைசி அஞ்சு தடவ நான் சத்தமே போடல. நீங்க அழுத்திட்டே இருக்கிய,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

பொத்தானைக் கீழே வைத்துவிட்டேன். டாக்டர் முன்னால்கூட நான் காப்பி அடிக்கிறேன். யாரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்? அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். என்னைச் சுவரைப் பார்த்தாற்போல் திருப்பி உட்காரவைத்து மறுபடி முதலிலிருந்து எடுத்தார்கள். இந்த முறை கேட்டபோது மட்டும் அழுத்தினேன். மிகக் குறைவாகத்தான் அழுத்தினேன்.

இடது காது ஏறத்தாழ இல்லை. வலது பாதி. உயர்ந்த ஒலிகள் முதலில் போகுமாம். ச, ப, த, க எல்லாம் அதில் அடக்கமாம். கருவி வைக்கலாமாம். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார்கள். இவர் பதில் சொன்னார்.

ஜூலை 22, திங்கள்

எழுதிவிட்டேன். ‘இருபத்தொன்பதாம் பதிவில் பதினோராவது நிமிடத்தில் சாட்சி பதில் சொல்லவில்லை. பதில் சொன்னதாக எழுதியது என் தவறு. என் காது கேட்கும் திறனுக்கான மருத்துவச் சான்று இணைத்துள்ளேன்.’ ஒரு பக்கம் எழுத ஐந்து தாள் கிழித்தேன்.

எது என் வேலையை முடித்துவைக்குமோ அதே காகிதம்தான் அந்த அம்மாளுக்குச் சாட்சி. சான்றை மறைத்துவிட்டுக் கடிதத்தை மட்டும் கொடுக்க வழி உண்டா என்று இரண்டு நாள் யோசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இல்லை.

விசாரணை அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கினேன். முப்பத்தொன்றாம் தேதி நானும் சபுராவும் ஆஜராக வேண்டும். திரும்பிவந்து அலுவலகச் சாவியை நயினார் சார் மேஜையில் வைத்தேன். அவர் எடுத்து டிராயரில் போட்டுக்கொண்டார். முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூலை 25, வியாழன்

வீட்டில் இருக்கிறேன். இட்லிக்கு அரைத்தேன். கிரைண்டர் ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஹெப்சிபா நீளமாக ஒரு வாட்ஸப் எழுதியிருந்தாள். நானும் நீளமாகப் பதில் எழுதினேன், எல்லாவற்றையும்.

ஜூலை 31, புதன்

விசாரணை அறையில் அதிகாரி, எழுத்தர், மில் மேனேஜர், அவருடைய வக்கீல். இரண்டு பெண் போலீஸ் மாடத்தியைக் கூட்டிவந்தார்கள். குரலை மட்டும் தெரிந்தவளுக்கு ஆளைப் பார்த்தபோது திக்கென்றது. இத்தனை குள்ளம் என்று நினைக்கவில்லை. காலில் செருப்பில்லை.

பதிவைப் போட்டார்கள். அந்த நாலு வினாடி வந்தபோது அறையில் எல்லோரும் தலையைச் சாய்த்தார்கள். நானும் சாய்த்தேன், பழக்கதோஷம். அதிகாரி என்னைப் பார்த்தார்.

“இந்த எடத்துல நீங்க என்ன கேட்டீங்க?”

“ஒண்ணும் கேக்கலய்யா. நீங்க ‘சரி’ன்னு சொன்னதால பதில் வந்திருக்கும்னு நானா எழுதினேன்.”

வக்கீல் எழுந்தார். அப்படியானால் நாற்பத்தொரு பதிவும் இந்தச் செவிட்டு அம்மாளின் கற்பனைதானா என்று கேட்டார். அந்தச் சொல்லை வெளியாள் வாயால் கேட்பது இதுவே முதல் முறை. சபுரா எழுந்து, எல்லாவற்றையும் தான் மறுபடி கேட்டுத் திருத்திக் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லித் தாள்கட்டை மேஜையில் வைத்தாள். பத்து நாள் அவள் தூங்கியிருக்க மாட்டாள்.

அதிகாரி முகம் கறுத்திருந்தது. தன் “சரி”யையும்தானே இப்போது அறையில் எல்லோரும் கேட்டார்கள். எழுத்தரிடம் ‘மௌனம்’ என்று திருத்தச் சொன்னார். பிறகு மாடத்தியிடம் அதே கேள்வியை மறுபடி கேட்டார்.

மாடத்தி தலையைக் குனிந்துகொண்டார். உதடு அசைந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. பக்கத்தில் சபுராவைப் பார்த்தேன், அவளும் நெற்றியைச் சுருக்கினாள். எழுத்தர் பேனாவைத் தூக்கியபடி இருந்தார். யாருக்கும் விழவில்லை. அதிகாரி மூச்சு இழுத்தார். அந்த மூச்சு எனக்குத் தெரியும். நாற்பத்தொரு பதிவாக அதன் பின்னால்தான் நான் ஓடியிருக்கிறேன். அடுத்து “சரி” வரும்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. “ஐயா, எனக்குக் கேக்கல,” என்றேன். ரொம்பச் சத்தமாகச் சொல்லியிருப்பேன், போலீஸ்காரப் பெண் திடுக்கிட்டாள்.

“உங்களுக்குக் கேக்கணும்னு இல்லம்மா, உக்காருங்க.”

“எனக்குக் கேக்கிற மாதிரி சொன்னா எல்லாருக்கும் கேக்கும்யா. அந்த அம்மாவ என் பக்கம் பாத்துச் சொல்லச் சொல்லுங்க.”

மேனேஜரின் வக்கீல் ஏதோ சொன்னார். அதிகாரி கையைக் காட்டி அவரை உட்காரவைத்தார். மாடத்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் என் வலது காதைத் தொட்டுக் காட்டினேன். இரண்டு எட்டு முன்னால் வந்தார். கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைக் கூப்பிடுகிற குரலில், ஒவ்வொரு சொல்லாக, என்னைப் பார்த்தே சொன்னார்.

“நான்தான் பூட்டுனேன். தெனமும் ஏழு மணிக்குப் பூட்டிட்டுச் சாவிய மேனேஜர் ஐயா ரூம்புல கொண்டாந்து வைக்கணும். பிள்ளைய ஓடிப்போயிரும்னு அவருதான் பூட்டச் சொன்னாரு. பூட்டாட்டி மறுநா வராதன்னாரு. பொகை வந்ததும் சாவிக்கு ஓடுனேன். ரூம்பு பூட்டிக் கெடந்துச்சு. கல்ல எடுத்து கேட்ட இடிச்சேன். நான் இடிக்க இடிக்க உள்ள சத்தம் கொறஞ்சிட்டே வந்துச்சு. அன்னைக்கி இத சொல்லத்தான் வந்தேன். மேனேஜர் ஐயா எதிர்க்க உக்காந்திருந்தாரு. வாய் வரல.”

அத்தனையும் எனக்கு விழுந்தது. எழுத்தர் எழுதிக்கொண்டே இருந்தார். மேனேஜர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியானால் என் ‘ஆமாம் ஐயா’ சரிதான். பூட்டியது அவர்தான். அந்த இரண்டு சொல்லை வைத்து இவ்வளவையும் நான் அடைத்துவிட்டேன். சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று தெரியவில்லை, வெட்கம்தான் கூடுதலாக இருந்தது.

மேனேஜரை அங்கேயே இருக்கச் சொன்னார்கள். சபுரா கையெழுத்துப் போட உள்ளே நின்றாள். நான் வராந்தாவில் தூணருகில் நின்றேன். போலீஸ்காரப் பெண்கள் மாடத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஜாமீன் எப்போது கிடைக்குமோ, இன்றைக்கும் ஜெயிலுக்குத்தான். என்னைத் தாண்டும்போது நின்றார். என் கையைப் பிடித்து, முகத்துக்குக் கிட்டே வந்து ஏதோ சொன்னார். மூன்று, நான்கு சொல் இருக்கும். அவர் வந்தது என் இடது காதுப் பக்கம். திரும்புவதற்குள் நடத்திக் கூட்டிப்போய்விட்டார்கள்.

நன்றி சொன்னாரா, இருபது நாள் ஜெயிலில் வைத்ததற்குத் திட்டினாரா? வேன் புறப்படும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்னது இன்னதென்று இங்கே எழுத மாட்டேன். எனக்குக் கேட்கவில்லை.